மலிவு ஹாப்டிக் கருவியில் இடத்தை அளப்பது: அடிக்கடி வரும் கேள்விகள்

நாம் கைப்பிடியை நகர்த்த, அது எங்கே இருக்கிறது என்று கணினி அளந்து, மோட்டார் வழியாக நம் கையைத் திருப்பித் தள்ளுவதுதான் ஹாப்டிக் கருவி. நிரலில் ஒரு சுவர் எழுதியிருந்தால் கை அங்கே போய் முட்டி நிற்க வேண்டும். லட்சக்கணக்கில் விலை போகும் கருவிகளில் அப்படித்தான் நிற்கும். சில ஆயிரம் ரூபாய்க்கு நாமே கட்டுவதில் சுவர் நடுங்கும், கிர்ரென்று கத்தும், கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் இடமும் மாறியிருக்கும். உடனே எல்லோரும் கேட்பது "நல்ல சென்சார் எது?" என்றுதான். பல நேரம் சென்சார்மேல் குற்றமே இருக்காது.

எந்தக் கருவியை வைத்துக் கணக்குச் சொல்கிறீர்கள்?

ஒற்றை அச்சில் ஆடும் துடுப்பு வகை. ஸ்டான்ஃபோர்டில் 1990களில் மாணவர்களுக்காக உருவான ஹாப்டிக் பேடில், பிறகு அங்கேயே அலிசன் ஒக்கமுரா குழு செய்த ஹாப்கிட், இந்தக் குடும்பம். ஹாப்கிட்டின் வரைபடங்கள் பொதுவில் கிடைக்கின்றன, 3டி பிரிண்டரில் அச்சிட்டு, ஆர்டுயினோ வகைப் பலகையும் ஒரு டிசி மோட்டாரும் வைத்துக் கட்டிவிடலாம். மோட்டார் தண்டில் சின்னக் கப்பி, அதைச் சுற்றிய கம்பி ஒரு பெரிய வில் வடிவத் துண்டை இழுக்கும், அந்தத் துண்டின் மேல்தான் கைப்பிடி.

கணக்குக்காக எண்களை இப்படி எடுத்துக்கொள்வோம். சின்னக் கப்பியின் ஆரம் 5 மி.மீ., வில்லின் ஆரம் 75 மி.மீ., அச்சிலிருந்து கைப்பிடிக்கு 70 மி.மீ. ஆக, கைப்பிடி 1 டிகிரி திரும்ப மோட்டார் 15 டிகிரி திரும்ப வேண்டும். கட்டுப்பாட்டு நிரல் விநாடிக்கு 1000 முறை ஓடுகிறது, அப்படி ஒருமுறை ஓடுவதைத்தான் கீழே சுழற்சி என்கிறேன். உங்கள் கருவியின் எண்கள் வேறாக இருக்கும், அவற்றைப் போட்டு நீங்களே ஒருமுறை கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

12 பிட் சென்சார் என்றால் 0.09 டிகிரி துல்லியம்தானே?

இல்லை. 360 டிகிரியை 4096 ஆகப் பிரித்தால் 0.088 டிகிரி வரும், அது பிரிதிறன். அதாவது எவ்வளவு சின்ன அசைவை வேறுபடுத்திக் காட்டும் என்பது. சொன்ன கோணம் உண்மைக் கோணத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது வேறு விஷயம். தண்டில் ஒட்டிய காந்தம் திரும்புவதைப் பார்த்துக் கோணம் சொல்லும், சந்தையில் மிக மலிவாகக் கிடைக்கும் ஏஎஸ்5600 சிப்பின் தரவுத்தாளிலேயே, காந்தம் நடுவில் சரியாக இருக்கும்போதுகூட, ஒரு முழுச் சுற்றில் பிழை 1 டிகிரி வரை போகலாம் என்று போட்டிருக்கிறார்கள். பிரிதிறனைவிடப் பத்து மடங்குக்கும் மேல்.

இவை இரண்டைத் தவிர இன்னும் இரண்டு உண்டு: அசையாமல் இருக்கும்போதும் எண் துள்ளுவது (இரைச்சல்), உண்மையில் நகர்ந்த பிறகு எவ்வளவு நேரம் கழித்து எண் வருகிறது என்பது (தாமதம்). விளம்பரத்தில் பிட் எண்ணிக்கையை மட்டும் பெரிதாகப் போடுவார்கள். மற்றவற்றைத் தரவுத்தாளில் தேடித்தான் எடுக்க வேண்டும்.

அந்த 1 டிகிரி பிழை கைக்குத் தெரியுமா?

தெரியாது, ஒற்றை அச்சுக் கருவியில் சுத்தமாகத் தெரியாது என்றே சொல்வேன். மோட்டார் பக்கம் 1 டிகிரி என்பது 15-ஆல் வகுபட்டு, கைப்பிடியில் சுமார் 0.08 மி.மீ. ஆகிறது. சுவர் 0.08 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று எந்தக் கையும் கண்டுபிடிக்காது. இந்தப் பிழை ஒரு சுற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு முறை ஏறி இறங்கும் மெதுவான அலை என்பதால், சுவரின் விறைப்பு இடத்துக்கு இடம் 2 முதல் 4 சதவீதம் கூடிக் குறையும், அவ்வளவுதான். விறைப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாறினால்தான் மனிதக் கை அதை நம்பிக்கையாகப் பிரித்தறிகிறது.

ஆனால் அதே கை, 250 ஹெர்ட்ஸ் அருகே வரும் அதிர்வு ஒரு மைக்ரோமீட்டருக்கும் கீழே இருந்தால்கூடப் பிடித்துவிடும். அதனால்தான் 1 டிகிரி மெதுவான பிழை மறைந்துவிடுகிறது, ஒரே ஒரு படி மேலும் கீழும் துள்ளுவது கர்ரென்று உறைக்கிறது. பணத்தையும் நேரத்தையும் துல்லியத்தின்மேல் கொட்டுவதற்கு முன்னால் இரைச்சல், தாமதம், கம்பி வழுக்கல் மூன்றையும் பார்த்துவிடுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சென்சாரை மோட்டாரில் வைக்கவா, கைப்பிடி அச்சில் வைக்கவா?

மோட்டாரில். அதே 12 பிட் சிப்பைக் கைப்பிடி அச்சில் வைத்தால் ஒரு படி 0.107 மி.மீ., மோட்டார் தண்டில் வைத்தால் 0.007 மி.மீ. பைசா செலவில்லாமல் 15 மடங்கு. இன்னொரு காரணமும் இருக்கிறது. விசை கொடுக்கும் இடமும் அளக்கும் இடமும் ஒன்றாக இருந்தால் கட்டுப்பாடு அடங்கி நடக்கும். நடுவில் நீளும் கம்பியும் வளையும் பிளாஸ்டிக்கும் இருந்தால், மோட்டார் தள்ளியது சென்சாருக்குத் தெரிவதற்குள் நிரல் இன்னும் கொஞ்சம் தள்ளிவிடும், நடுக்கம் அங்கிருந்து ஆரம்பிக்கும்.

மோட்டார் பக்கம் வைப்பதில் ஒரு நஷ்டம், கம்பி வழுக்கினால் சென்சாருக்குத் தெரியவே தெரியாது. அதைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

பல்சக்கரப் பெட்டி உள்ள மோட்டாரை இதற்கு வாங்காதீர்கள். பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலான லூஸ், சென்சாரை எந்தப் பக்கம் வைத்தாலும் வம்புதான்.

அப்படியானால் எத்தனை பிட் போதும்?

இதற்குக் கணக்கு இருக்கிறது. ஜேக் அபாட்டும் ஒக்கமுராவும் 2005-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் முடிவைச் சொற்களில் சொன்னால்: சுவர் தானாக ஆற்றலைக் கூட்டி நடுங்காமல் இருக்க, அதன் விறைப்பு இரண்டு வரம்புக்குள் இருக்க வேண்டும். ஒன்று, கருவியின் இயல்பான டேம்பிங்கை (வேகத்துக்கு ஏற்ப அசைவைத் தடுக்கும் தன்மை) இரண்டால் பெருக்கி, ஒரு சுழற்சி நேரத்தால் வகுத்தால் வருவது. மற்றது, கருவியின் உலர் உராய்வு விசையை இரண்டால் பெருக்கி, சென்சாரின் ஒரு படி அளவால் வகுத்தால் வருவது. இரண்டில் எது சிறியதோ அதுதான் உங்கள் எல்லை.

எண் போடுவோம். உராய்வு 0.1 நியூட்டன் என்று வையுங்கள். ஆர்டுயினோவின் 10 பிட் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி), 180 டிகிரிக்கு 90 சதவீத மின்னழுத்த வீச்சைத் தரும் காந்தச் சென்சார் என்றால், மோட்டாரில் ஒரு படி 0.195 டிகிரி, கைப்பிடியில் 16 மைக்ரோமீட்டர். வரம்பு மீட்டருக்கு 12,500 நியூட்டன். டேம்பிங் 0.5 நியூட்டன்-விநாடி/மீட்டர், சுழற்சி 1 மில்லிவிநாடி என்றால் முதல் வரம்பு வெறும் 1000 நியூட்டன்/மீட்டர். பார்த்தீர்களா, பழைய 10 பிட்டே பன்னிரண்டு மடங்கு தாராளமாக இருக்கிறது, கழுத்தைப் பிடிப்பது சுழற்சி நேரம்தான். இந்தக் கருவியில் 14 பிட் சென்சார் வாங்கிப் போட்டால் சுவர் ஒரு துளிகூட விறைப்பாகாது. சுழற்சியை 0.5 மில்லிவிநாடி ஆக்கினால் இரண்டு மடங்காகும்.

அதே சமயம் 12 பிட் சிப்பைக் கைப்பிடி அச்சில் வைத்தவருக்கு இரண்டாவது வரம்பு 1900-க்குக் கீழே வந்துவிடும். சுழற்சியை வேகமாக்கினால் அவர் கொஞ்ச தூரத்திலேயே அதில் போய் இடிப்பார். அவர்தான் பிரிதிறனைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய ஆள்.

இந்தக் கணக்கில் உராய்வு நமக்கு உதவி செய்கிறது என்பதைக் கவனியுங்கள். அருமையான பேரிங் போட்டு உராய்வைத் துடைத்தெடுத்தபின் சுவர் நடுங்க ஆரம்பிப்பது இதனால்தான்.

நல்ல சென்சார்தான் போட்டிருக்கிறேன், இருந்தும் சுவரைத் தொட்டால் அதிர்கிறதே?

முதலில் உங்கள் விசைக் கணக்கில் வேகம் வருகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் வரும், டேம்பிங் சேர்த்திருப்பீர்கள். புதிய இடத்திலிருந்து பழைய இடத்தைக் கழித்து 1 மில்லிவிநாடியால் வகுத்தால், ஒரு படித் துள்ளல் என்ன ஆகிறது? 7 மைக்ரோமீட்டர் படி என்றால் விநாடிக்கு 7 மி.மீ. வேகம். 16 என்றால் 16 மி.மீ. கைப்பிடி அச்சில் வைத்த 0.107 மி.மீ. என்றால் 107 மி.மீ.! நீங்கள் போட்ட டேம்பிங் 3 நியூட்டன்-விநாடி/மீட்டர் என்றால் ஒவ்வொரு துள்ளலுக்கும் முறையே 0.02, 0.05, 0.32 நியூட்டன் விசை மோட்டாருக்குப் போகிறது. கடைசி எண்ணைக் கை நன்றாகவே உணரும்.

டேம்பிங்கைச் சுழியமாக்கிப் பாருங்கள். அதிர்வு நின்றால் கோளாறு வேகக் கணிப்பில். நிற்காவிட்டால் விறைப்பு அளவுக்கு மீறியிருக்கிறது, அல்லது எங்கோ தாமதம் ஒளிந்திருக்கிறது.

வேகத்தை எப்படித்தான் கணக்கிடுவது? துள்ளலை மழுப்பும் வடிகட்டி போட்டால் போதாதா?

போதும், ஆனால் இலவசம் இல்லை. 50 ஹெர்ட்ஸில் ஒரு சாதாரண முதல்நிலை வடிகட்டி போட்டாலே சுமார் 3 மில்லிவிநாடி தாமதம் சேர்கிறது. நடுக்கத்தை நிறுத்தப் போட்ட வடிகட்டியே, மெதுவான பெரிய ஊசலாட்டமாக நடுக்கத்தைத் திருப்பிக் கொண்டுவரும். கைப்பிடி கர்ரென்று கத்தாமல் டொம் டொம்மென்று ஆடுகிறது என்றால் இதுதான்.

எனக்குப் பிடித்த வழி ஜனாபி-ஷரிஃபி, ஹேவர்ட், சென் மூவரும் 2000-இல் எழுதிய தகவமை சாளர முறை. கடைசி இரண்டு அளவுகளில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போங்கள். முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் ஒரு நேர்கோட்டால் இணையுங்கள், நடுவில் உள்ள எல்லாப் புள்ளிகளும் அந்தக் கோட்டிலிருந்து ஒரு படி தூரத்துக்குள் இருக்கும்வரை சாளரத்தை நீட்டலாம். ஒரு புள்ளி வெளியே போனால் நிறுத்திவிட்டு, அதற்கு முந்தைய கோட்டின் சரிவை வேகமாக எடுத்துக்கொள்ளுங்கள். கை மெதுவாகப் போகும்போது சாளரம் தானாக நீளும், வேகம் அமைதியாக இருக்கும். சுவரில் மோதிய நொடியில் சாளரம் சுருங்கும், தாமதம் இருக்காது. சாளரத்துக்கு 15 அல்லது 20 அளவுகள் என்று உச்சவரம்பு வைத்துவிட்டால் நிரல் நேரமும் கட்டுக்குள் இருக்கும். ஆர்டுயினோ ஊனோ பலகையில் தசம எண் கணக்கு மெதுவாக நடக்கும் என்பதால் இதை முழு எண்ணில் எழுதுங்கள்.

ஏஎஸ்5600 நல்லதா?

விலைக்கு நல்லது. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தபடியே போட்டால் ஹாப்டிக் வேலைக்கு ஆகாது. அதற்குள்ளேயே ஒரு வடிகட்டி இருக்கிறது, தொடக்கத்தில் அது மிக மெதுவான 16 மடங்கு நிலையில் இருக்கும், அளவு நிலைபெற 2.2 மில்லிவிநாடி எடுக்கும். அதை முழுத் தாமதமாக எடுத்துக்கொண்டு மேலே சொன்ன கருவியில் போட்டால், 1000 நியூட்டன்/மீட்டர் என்ற வரம்பு 185-க்கு விழுகிறது. சுவர் இருந்த இடத்தில் ரப்பர்! "சென்சார் மாற்றினேன், முன்பைவிட மோசமாகிவிட்டது" என்று வரும் புலம்பல்களில் பாதி இதுதான்.

சிப்பின் அமைப்புப் பதிவேட்டில் (அமைப்புகளை வைத்திருக்கும் உள் நினைவிடம்) 9, 8 ஆகிய இரண்டு பிட்களையும் 1 ஆக்குங்கள். வடிகட்டி 2 மடங்கு நிலைக்கு வரும், நேரம் 0.286 மில்லிவிநாடி. இரைச்சல் 0.015 டிகிரியிலிருந்து 0.043 டிகிரிக்கு ஏறும், ஆனாலும் அது ஒரு படியில் பாதிதான், பயப்பட வேண்டாம். மின்சாரம் போனால் இந்த அமைப்பும் போய்விடும், ஒவ்வொரு தொடக்கத்திலும் எழுத வேண்டும்.

அடுத்தது ஐ2சி வேகம், அதாவது சிப்பும் பலகையும் பேசிக்கொள்ளும் இரு கம்பி இணைப்பின் வேகம். ஆர்டுயினோ தொடக்கத்தில் 100 கிலோஹெர்ட்ஸில் ஓடும், ஒரு கோணத்தைப் படிக்க ஏறக்குறைய 450 மைக்ரோவிநாடி போய்விடும், அதாவது சுழற்சியில் கிட்டத்தட்ட பாதி. 400 கிலோஹெர்ட்ஸ் ஆக்கினால் 115. இந்தச் சிப்பில் கோணப் பதிவேட்டின் முகவரியை ஒருமுறை கொடுத்தபின், திரும்பக் கொடுக்காமலே இரண்டு பைட்டுகளாகப் படித்துக்கொண்டே இருக்கலாம், அப்போது 70 மைக்ரோவிநாடி அளவுக்கு இறங்கும். பல நூலகங்கள் இதைச் செய்வதில்லை, நீங்களே நாலு வரி எழுதிக்கொள்வது மேல்.

இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் எஸ்பிஐ என்ற வேகமான இணைப்பு வழியாகப் பேசும் ஏஎஸ்5047பி போன்ற 14 பிட் சிப்புக்குப் போகலாம். போவது பிட்டுக்காக அல்ல, சில மைக்ரோவிநாடியில் படித்து முடிக்கலாம் என்பதற்காக.

காந்தத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

நிறைய. மலிவுக் கருவிகளில் பெரும்பாலான பிழை சிப்பிலிருந்து வருவதில்லை, காந்தத்தை ஒட்டிய விதத்திலிருந்து வருகிறது.

வட்டக் காந்தம் விட்டத்தின் குறுக்கே காந்தமாக்கப்பட்டதாக இருக்க வேண்டும், ஒரு பாதி வடக்கு, ஒரு பாதி தெற்கு. கடையில் சும்மா கிடைக்கும் வட்டக் காந்தங்கள் பெரும்பாலும் மேல் முகம் வடக்கு, கீழ் முகம் தெற்கு வகை, அவை உதவாது. கண்டுபிடிக்க, காந்தத்தை மேசையில் தட்டையாக வைத்து அருகே திசைகாட்டி வைத்துக் காந்தத்தை அதே இடத்தில் சுழற்றுங்கள். முள் கூடவே சுற்றினால் சரியான வகை.

ஏஎஸ்5600-க்கு 6 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. தடிமன் வழக்கம், சிப்புக்கும் காந்தத்துக்கும் இடைவெளி 0.5 முதல் 3 மி.மீ. காந்தத்தின் நடுவும் சிப்பின் நடுவும் 0.25 மி.மீ.க்கு மேல் விலகக் கூடாது. கண் பார்வையில் இதைச் சாதிக்க முடியாது. தண்டில் இறுக்கமாக உட்காரும் ஒரு தொப்பியை 3டி பிரிண்டரில் அச்சிட்டு அதற்குள் காந்தத்தை அழுத்துங்கள், பலகையைத் திருகும் துளைகளை நீள்துளையாக விட்டால் பிறகு நகர்த்திச் சரிசெய்யலாம். தொப்பி பிளாஸ்டிக்காகவோ பித்தளையாகவோ இருக்கட்டும். காந்தத்தை இரும்புத் தண்டின்மேல் நேராக ஒட்டினால் புலத்தில் ஒரு பங்கை இரும்பு இழுத்துக்கொள்ளும்.

இடைவெளி சரியா என்று சிப்பே சொல்லும். அதன் தானியங்கிப் பெருக்கப் பதிவேட்டைப் படியுங்கள், 5 வோல்ட்டில் 0 முதல் 255 வரை, 3.3 வோல்ட்டில் 0 முதல் 128 வரை. நடுவில் இருக்கும்படி இடைவெளியை அமைத்தால் போதும். மோட்டாரை முழுச் சுற்றுச் சுற்றும்போது அந்த எண் பெரிதாக ஏறி இறங்கினால் காந்தம் சாய்ந்திருக்கிறது.

மோட்டாருக்குள்ளேயும் காந்தம் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அதன் கசிவுப் புலம் ஒரு சுற்றுக்கு ஒருமுறை வரும் பிழையாகத் தெரியும். சென்சாரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

என் சென்சார் 180 டிகிரிக்கு ஒருமுறை தாவுகிறது. கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை. ஹாப்கிட்டில் வந்த கேஎம்ஏ210 போன்ற காந்தத்தடை வகைச் சென்சார்களுக்கு வடக்கும் தெற்கும் ஒன்றுதான், அதனால் பாதிச் சுற்றில் எண் திரும்பத் தொடங்கும். நிரலில் தாவலைக் கண்டுபிடித்து எண்ணிக்கொண்டு போக வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இரண்டு அளவுகளுக்கு நடுவில் மோட்டார் 90 டிகிரிக்கு மேல் திரும்பினால், எந்தப் பக்கம் தாவியது என்று நிரலுக்குச் சொல்ல முடியாது. விநாடிக்கு 1000 முறை படித்தால் இது நடக்கவே நடக்காது. ஆனால் சுழற்சிக்குள் சீரியல் வழியாக எண்களை அச்சிட்டு, அதனால் சுழற்சி விநாடிக்கு 100 ஆகிவிட்டால், கைப்பிடி விநாடிக்கு 600 டிகிரி வேகத்தில் போனாலே தவறும். கையை ஒரு வீசு வீசினால் அந்த வேகம் வந்துவிடும். சுவர் திடீரென்று 12 டிகிரி தள்ளிப் போய் நின்றால் (180-ஐ 15-ஆல் வகுத்தால் 12) வேறெங்கும் தேட வேண்டாம்.

அனலாக் சென்சார் வைத்திருக்கிறேன், எண் துள்ளிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்யலாம்?

சென்சாருக்கு மின்சாரம் கொடுக்கும் அதே 5 வோல்ட் ஏடிசிக்கும் ஒப்பீட்டு வோல்ட்டாக இருக்கட்டும். இந்தச் சென்சார்கள் தம் மின்னழுத்தத்தின் விகிதமாகத்தான் வெளியீடு தருகின்றன, மோட்டார் இழுக்கும்போது 5 வோல்ட் 4.8 ஆனால் இரண்டும் சேர்ந்தே இறங்கி ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். தனியாக அருமையான 4.096 வோல்ட் ஒப்பீட்டுச் சிப் வாங்கி மாட்டினால் இந்த ஈடுகட்டல் போய்விடும், காசு கொடுத்துக் கெடுத்துக்கொண்டதாக ஆகும்.

மோட்டாரின் தரைக்கம்பியும் சென்சாரின் தரைக்கம்பியும் ஒரே மெல்லிய வயரில் ஓட வேண்டாம். சென்சார் கால்களுக்கு அருகே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று.

அப்புறம் ஏடிசி வேகம். ஊனோவில் ஒரு அனலாக் அளவுக்கு 100 மைக்ரோவிநாடிக்கு மேல் எடுக்கும். ஏடிசி கடிகாரத்தின் வகுத்தியை 128-லிருந்து 16 ஆக்கினால் அது 20-க்குள் வந்துவிடும், 10 பிட் தரத்தில் இழப்பு மிகக் குறைவு. கிடைத்த நேரத்தில் 16 முறை படித்துக் கூட்டி, 4-ஆல் வகுத்தால் 12 பிட் அளவுக்கு வரும். ஒவ்வொரு கூடுதல் பிட்டுக்கும் நான்கு மடங்கு படிக்க வேண்டும் என்பது கணக்கு. இது பலிக்க இயற்கையாக ஒரு படியளவு இரைச்சல் இருக்க வேண்டும், எண் சிலை மாதிரி நின்றால் 16 முறை படித்தும் அதே எண்தான் வரும்.

பிடபிள்யூஎம் (மோட்டார் மின்சாரத்தை வேகமாகப் போட்டு அணைத்து அளவைக் கட்டுப்படுத்துவது) அலைவெண்ணுக்கும் இந்தத் துள்ளலுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. ஊனோவின் இயல்பு 490 ஹெர்ட்ஸ், 5, 6 கால்களில் 976. அந்த ஏற்ற இறக்கம் மோட்டார் மின்னோட்டத்திலும் தெரியும், கையிலும் தெரியும், காதிலும் கேட்கும். டைமர் 1 அல்லது 2-இன் வகுத்தியை 1 ஆக்கினால் 31 கிலோஹெர்ட்ஸ். டைமர் 0-ஐத் தொடாதீர்கள், நேரம் எண்ணும் செயல்களெல்லாம் குழம்பிவிடும்.

ஒளி என்கோடர் (தட்டில் உள்ள கோடுகளை ஒளியால் எண்ணும் சென்சார்) மேலா?

இரைச்சல் இல்லை, தாமதம் இல்லை, காந்தத் தொல்லை இல்லை. 500 கோட்டுத் தட்டை நான்கு மடங்காக எண்ணினால் 2000 படி, நம் கருவியில் கைப்பிடியில் 15 மைக்ரோமீட்டருக்குக் கொஞ்சம் கீழே. ஹாப்டிக் வேலைக்கு இதைத்தான் முதலில் சொல்வேன், காசு இருந்தால்.

எண்ணுவதில்தான் சிக்கல். கைப்பிடி விநாடிக்கு 600 டிகிரி என்றால் மோட்டார் நிமிடத்துக்கு 1500 சுற்று, விநாடிக்கு 50,000 படி. குறுக்கீடு வழியாக, அதாவது ஒவ்வொரு படிக்கும் ஓடும் நிரலை நிறுத்தி எண்ணும் ஊனோ அந்த வேகத்தில் வேறு வேலை செய்ய நேரமில்லாமல் மூச்சுத் திணறும், படிகளை விடும். எஸ்டிஎம்32-இன் டைமர், இஎஸ்பி32-இன் துடிப்பு எண்ணி போன்ற வன்பொருள் எண்ணிகள் உள்ள பலகை எடுங்கள், தலைவலி தீர்ந்தது. மின்சாரம் போட்டதும் சுழியம் எங்கே என்று என்கோடருக்குத் தெரியாது, கைப்பிடியை ஓர் ஓரத் தடுப்பில் மெதுவாக இடிக்கவிட்டுத் தொடங்க வேண்டும்.

கையில் காசே இல்லை என்றால் பழைய இங்க்ஜெட் பிரிண்டரைப் பிரியுங்கள். உள்ளே ஒளி ஊடுருவும் பட்டையும் அதைப் படிக்கும் தலையும் இருக்கும். அங்குலத்துக்கு 150 அல்லது 180 கோடுகள் சாதாரணம், 150 என்றாலே நான்கு மடங்கில் ஒரு படி 0.042 மி.மீ. நேர்க்கோட்டில் ஓடும் கருவி கட்டுபவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

பொட்டென்ஷியோமீட்டர் போதாதா?

போதாது. கைப்பிடி அச்சில் மாட்டி 270 டிகிரியை 10 பிட்டில் படித்தால் கைப்பிடியில் ஒரு படி 0.32 மி.மீ., தொடுமுனை இரைச்சல் தனி, தேய்மானம் தனி.

சுவர் மெல்ல மெல்ல இடம் மாறுகிறது. எந்தச் சென்சார் போட்டால் நிற்கும்?

எதுவும் நிறுத்தாது, அது வழுக்கல். கப்பியும் வில்லும் வெறும் உராய்வில் ஓடும் வகையில் இது கண்டிப்பாக வரும், கம்பி சுற்றிய வகையில் கம்பி தளர்ந்தால் வரும். முதலில் கம்பியை இறுக்குங்கள், சின்னக் கப்பியில் சுற்றுகளைக் கூட்டுங்கள், ஒரு சுற்றைக் கப்பியில் திருகால் பிடித்துவிட்டால் இன்னும் நல்லது.

அதற்கும் மேல் வேண்டுமென்றால் கைப்பிடி அச்சில் இன்னொரு மலிவுச் சென்சாரைச் சேருங்கள். ஆனால் அதை வைத்துச் சுவரைக் கணக்கிடாதீர்கள். வேகமான வேலை முழுவதும் மோட்டார் சென்சாரோடு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சில விநாடி நேரமுள்ள மிக மெதுவான வடிகட்டியில் போட்டு, அந்த அளவுக்குச் சுழியத்தை நகர்த்திக்கொண்டே இருங்கள். இரண்டாவது சென்சாரின் முரட்டுப் படிகள் கைக்குத் தெரியாது, வழுக்கல் மட்டும் கரைந்துபோகும். சுவருக்குள் கை அழுத்திக்கொண்டிருக்கும்போது இந்தத் திருத்தத்தை நிறுத்தி வைப்பது நல்லது, இல்லாவிட்டால் கம்பி நீண்டதையும் வழுக்கல் என்று எடுத்துக்கொள்ளும்.

அளவுதிருத்த அட்டவணை போடுவது வீண் வேலையா?

உணர்வுக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் வீண். இந்தக் கருவியை வைத்து மனிதக் கையை அளந்து ஏதாவது எழுதப் போகிறீர்கள், அல்லது கோணங்களைச் சேர்த்து நுனியின் இடத்தைக் கணக்கிடும் கருவி என்றால், செய்யுங்கள்.

ஒப்பிட ஒரு நல்ல அளவுகோல் தேவை, அதற்கு 200 படி ஸ்டெப்பர் மோட்டாரே போதும். முழுப் படியில் பிழை ஒரு படியின் 5 சதவீதம், அதாவது 0.09 டிகிரி, அதுவும் சேர்ந்துகொண்டே போகாது. சென்சாரையும் காந்தத்தையும் இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, மோட்டார் தண்டின் மறுமுனையை ஸ்டெப்பரோடு இணைத்து ஒவ்வொரு படியிலும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 200 வித்தியாசங்கள் கிடைக்கும். அவற்றை அப்படியே அட்டவணையாக்க வேண்டாம், ஒரு சுற்றுக்கு ஒருமுறை, இருமுறை வரும் சைன், கொசைன் அலைகளை மட்டும் பொருத்தினால் நான்கே எண்களில் பிழையின் பெரும்பகுதி அடங்கிவிடும். அப்புறம் காந்தத்தைக் கழற்றினால் திரும்ப முதலிலிருந்து.

ஸ்டெப்பர் இல்லையென்றால், கம்பியைக் கழற்றிவிட்டு, தண்டில் கொஞ்சம் கனமான சக்கரம் மாட்டி, மோட்டாரைச் சீரான மின்னழுத்தத்தில் சுற்றவிட்டு நேரத்தோடு கோணத்தைப் பதியுங்கள். வேகம் சீராக இருக்கும்போது கோணத்தில் தெரியும் நெளிவுதான் சென்சார் பிழை. பல சுற்றுகளுக்குச் சராசரி எடுங்கள், இரண்டு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுத்தால் வடிகட்டித் தாமதத்தின் பங்கும் கழிந்துவிடும்.

இவ்வளவும் செய்துவிட்டு, சின்னக் கப்பியை 3டி பிரிண்டரில் அச்சிட்டு, அது 0.1 மி.மீ. மையம் விலகியிருந்தால், 5 மி.மீ. ஆரத்தில் அது 2 சதவீதம். நீங்கள் திருத்திய பிழைக்குச் சமமானது, சென்சார் கண்ணுக்கே படாதது. கப்பியை மட்டுமாவது கடைசலில் செய்து வாங்குங்கள்.

என் கருவியில் எது கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மோட்டாரை அணைத்து, கைப்பிடியைக் கவ்வியில் பிடித்து, சில ஆயிரம் அளவுகளைப் பதிந்து எத்தனை படி பரவியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு மோட்டாருக்கு மின்னோட்டம் கொடுத்து அதையே செய்யுங்கள். பரவல் கூடினால் வயரிங், கூடாவிட்டால் சென்சார் தன் இயல்பில் இருக்கிறது. அடுத்து ஒவ்வொரு சுழற்சியின் நேரத்தையும் பதியுங்கள், சராசரி அல்ல, அதிகபட்சம் எவ்வளவு என்று. சராசரி 1 மில்லிவிநாடியாக இருந்து நடுநடுவே 6 வந்தால், அந்த 6 தான் உங்கள் கையைச் சுரண்டுவது. கடைசியாக, ஓரத் தடுப்பில் கைப்பிடியை வைத்து எண்ணைக் குறித்து, பத்திருபது முறை வேகமாக ஆட்டி, திரும்ப அதே தடுப்பில் வைத்துப் பாருங்கள். எண் மாறியிருந்தால் வழுக்கல், அல்லது தாவல் தவறியிருக்கிறது. மாற்றம் சரியாக 12 டிகிரியின் மடங்கு என்றால் இரண்டாவது.

இரண்டு மோட்டார் வைத்துத் தளத்தில் நகரும் கருவி கட்டுகிறேன். இதெல்லாம் அப்படியே பொருந்துமா?

இரைச்சலும் தாமதமும் பொருந்தும். துல்லியம் பற்றிச் சொன்னது பொருந்தாது. 150 மி.மீ. கை ஒன்றை மோட்டாரோடு நேராக மாட்டினால் 12 பிட் சென்சாரின் ஒரு படியே நுனியில் 0.23 மி.மீ., நடுவில் பெருக்கும் கப்பி இல்லையல்லவா. சுழியத்தில் 1 டிகிரி தவறு என்றால் நுனி 2.6 மி.மீ. தள்ளிப் போகும், அதைவிட மோசம், ஒவ்வொரு இடத்திலும் வெவ்வேறு அளவு தள்ளும். நேராக எழுதிய சுவர் கைக்கு வளைவாகத் தெரியும், கைகள் முழுதாக நீளும் எல்லைக்கு அருகே பிழை இன்னும் பெருகும்.

இதற்கு அடிப்பலகையில் இடம் தெரிந்த இரண்டு மூன்று குழிகள் துளைத்து வையுங்கள். நுனியை ஒவ்வொரு குழியிலும் உட்கார வைத்துக் கோணங்களைப் பதிந்தால், இரண்டு மோட்டார்களின் சுழியத்தையும், வேண்டுமென்றால் கைகளின் உண்மையான நீளத்தையும், அதிலிருந்து கணக்கிட்டுவிடலாம். குழிகளை ஒரே மூலையில் நெருக்கமாகப் போடாமல் வேலைப் பரப்பு முழுக்கப் பரப்பிப் போடுங்கள், நெருங்கியிருந்தால் சின்ன அளவுப் பிழையும் விடையில் பெரிதாகிவிடும்.